ஒரே ‘சத்தியாக்கிரகா’, வெவ்வேறு மேடைகள்: எதை வைத்து ஒப்பிடுவது?

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையை வைத்து அமைத்த ‘சத்தியாக்கிரகா’ என்ற ஓபராவின் (பாடியே நடிக்கும் இசைநாடகம்) இரண்டு பதிவுகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் எடுக்கப்பட்டது, மற்றது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுடையது. இசை ஒன்றேதான், மேடை மட்டும் இரண்டு உலகங்களாக இருக்கிறது, இதில் எது அசல், எது இயக்குநரின் அதிகப்பிரசங்கித்தனம் என்பது உங்கள் கேள்வி. அதைவிட, கேள்வியின் வாலில் போகிறபோக்கில் சேர்த்திருக்கும் வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: பாடுவதற்கும் மேடையில் நடப்பதற்கும் நேரடிச் சம்பந்தமே இல்லாதபோது, எந்த மேடையாக்கத்தைத்தான் தப்பு என்று சொல்ல முடியும்? ஆக, இந்தப் படைப்பு எங்கே குடியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். இசைப்பிரதியிலா, மேடையிலா? அதற்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம், நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்துகொள்வதற்காக. நான் இசைக்காரன் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக நாடகங்களுக்கும் நடன நிகழ்ச்சிகளுக்கும் ஒளியமைப்புச் செய்து வருகிறேன். ஓபராவை மேடைக்காரன் கண்ணால்தான் பார்க்கிறேன்: யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், அவர் நிற்கும்போது விளக்கு என்ன செய்கிறது என்று. இந்த ஓபராவை அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. நான் பார்த்ததெல்லாம் பதிவுகள். அது பெரிய குறை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை இவை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரம் கேட்டுக்கொண்டதன்பேரில் கிளாஸ் இதை எழுதினார். 1980 செப்டம்பர் 5 அன்று அங்கேயே முதலில் மேடையேறியது. கான்ஸ்டன்ஸ் டிஜாங் என்ற எழுத்தாளரும் கிளாஸும் சேர்ந்து பாடற்பிரதியைத் தொகுத்தார்கள். ‘எழுதினார்கள்’ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பாடப்படும் ஒவ்வொரு சொல்லும் பகவத்கீதையிலிருந்து எடுத்தது, சமஸ்கிருதத்திலேயே பாடப்படுவது. மூன்று அங்கங்கள், ஏழு காட்சிகள். குருக்ஷேத்திரப் போர்க்களத்தில் தொடங்கி, காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையிலிருந்து 1910, 1906, 1896, மறுபடி 1906, 1908, கடைசியில் 1913 என்று வருடங்களைக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி போகும். ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு: டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங். மூவரும் பாட மாட்டார்கள், மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாத்தியக் குழுவில் தந்தி வாத்தியங்கள், மரத்துளை வாத்தியங்கள், ஒரு ஆர்கன், அவ்வளவுதான். பித்தளைக் குழல்கள் இல்லை, தாளவாத்தியம் இல்லை. போராட்டத்தைப் பற்றிய ஓபராவில் ஒரு முரசுகூட இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மேடையை எடைபோடும்போது உதவும்.

இனி அந்தச் சம்பந்தமில்லாத விஷயம். சம்பந்தம் இல்லை என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில், டர்பனில் வெள்ளையர் கூட்டம் காந்தியைத் தாக்குகிறது, காவல்துறை அதிகாரியின் மனைவி திருமதி அலெக்சாண்டர் குடையை விரித்து அவரைக் காப்பாற்றுகிறார். அப்போது பாடப்படுவது கீதையின் 16ஆம் அத்தியாயம், அசுர குணம் கொண்டவர்களைப் பற்றிய பகுதி. இந்தியர்கள் தங்கள்மேல் திணிக்கப்பட்ட பதிவுச் சான்றிதழ்களை எரிக்கும் 1908 காட்சியில் வருவது 12ஆம் அத்தியாயத்தின் ‘அத்வேஷ்டா ஸர்வபூதானாம்’, எந்த உயிரையும் வெறுக்காதவன் என்ற சுலோகம். ஆக, பாட்டு நடப்பதைச் சொல்வதில்லை, நடப்பதன் பக்கத்தில் நின்று வேறொன்றைச் சொல்கிறது. சொற்களின் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் இசையையும் காட்சியையும் கவனிக்கட்டும் என்றுதான் சமஸ்கிருதத்தைத் தேர்ந்தெடுத்ததாகக் கிளாஸ் சொல்லியிருக்கிறார். எப்போதும் ஆங்கிலத்தில் மட்டுமே பாடுவதைக் கொள்கையாக வைத்திருக்கும் லண்டன் இங்கிலீஷ் நேஷனல் ஓபராகூட இந்த ஒன்றுக்காக அந்த விதியைத் தளர்த்தியது.

இந்த ஏற்பாடு யாருக்கு முழுதாகப் பலிக்கும் என்பது வேறு விஷயம். கீதையைக் காதால் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, இழுத்து நீட்டிய உச்சரிப்புக்கு நடுவில் திடீரென்று ‘யதா யதா ஹி’ என்று காதில் விழும்போது, சொற்களை விட்டுவிடு என்ற அழைப்பு வேலை செய்வதில்லை. எனக்குச் செய்யவில்லை. கிளாஸ் மனத்தில் வைத்திருந்த பார்வையாளர் நாம் இல்லையோ என்று அப்போது தோன்றியது. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விமர்சகர்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதே அனுபவத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

இப்போது ஒப்பீட்டின் அடிப்படைக்கு வருவோம். சாதாரணமாக ஒரு ஓபராவில் பாட்டே கதையைச் சொல்லிவிடும். இயக்குநர் மேடையை எப்படிப் புரட்டிப் போட்டாலும், கத்தியை எடுப்பவன் யார், குத்துப்படுபவள் யார் என்று பாடற்பிரதி காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பிரதி வாய்திறக்காது. யார், எங்கே, என்ன நடக்கிறது என்ற முழுச் சுமையும் மேடையின் தலையில் விழுகிறது. அதனால்தான் இந்த ஓபராவில் மேடையாக்கம் மாறும்போது கதையே மாறியதுபோல் உங்களுக்குப் பட்டது. கிளாஸின் முந்தைய ஓபராவான ‘ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்’ இதற்கு நேர்மாறானது. 1976இல் பிரான்ஸின் அவிஞ்யோனில் முதலில் நடந்த அதில், மேடை இயக்குநர் ராபர்ட் வில்சன் வரைந்த காட்சிப் படங்களைப் பார்த்துத்தான் கிளாஸ் இசையை அமைத்தார். மேடை முதலில், இசை பின்னால். அதனால் வெகுகாலம் ‘ஐன்ஸ்டைன்’ என்றால் வில்சனின் மேடைதான் என்றிருந்தது. 1984இலும் 1992இலும் 2012இலும் அதே மேடையைத்தான் மறுபடி கட்டினார்கள். ‘சத்தியாக்கிரகா’வுக்கு அப்படி ஒரு பிறவி மேடை இல்லை. அச்சான பிரதியில் ஒவ்வொரு காட்சிக்கும் வரலாற்றுக் குறிப்பு உண்டு, இடம், வருடம், நடந்த சம்பவம் எல்லாம் சொல்லியிருக்கும். அதை மேடைக் கட்டளை என்று எடுத்துக்கொள்வதா, பார்வையாளருக்கான பின்னணிக் குறிப்பு என்று எடுத்துக்கொள்வதா? கருத்து வேறுபாடெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். அந்தக் குறிப்பே வரலாற்றை நூல் பிடித்துப் பின்பற்றுவதில்லை. 1896 என்று போட்டிருக்கும் அந்தத் தாக்குதல் உண்மையில் நடந்தது 1897 ஜனவரி 13 அன்று. காந்தி வந்த கப்பல் டிசம்பரிலேயே வந்துவிட்டாலும் பயணிகளை இறங்கவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

முதல் மேடையாக்கம் டேவிட் பவுண்ட்னியுடையது, அரங்க வடிவமைப்பு ராபர்ட் இஸ்ரேல். ராட்டர்டாமில் தொடங்கி, பிறகு அமெரிக்காவிலும் சில நகரங்களுக்குப் போனது. இது காட்சிக் குறிப்புகளை மதித்த வடிவம், காந்தி என்ற மனிதரின் மாற்றத்தைப் பின்தொடர்கிறது. கோட்டு சூட்டு போட்ட வழக்கறிஞர் படிப்படியாக வேட்டிக்கு வருகிறார். இந்த வழியின் லாபம் தெளிவு. வரலாறு தெரியாதவர்கூட வழிதவற மாட்டார். நஷ்டமும் அதிலேயே இருக்கிறது. இசை ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது, நடிப்பால் கதை சொல்கிறவர்களுக்குக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். குடையை விரித்தாயிற்று, காப்பாற்றியாயிற்று, இன்னும் நாலு நிமிட இசை மிச்சமிருக்கிறது. அப்போது நடிகர் என்ன செய்வார்? நாடக மேடையில் இந்தச் சங்கடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இசை முடியும்வரை சும்மா நிற்கத் தெரிந்த நடிகர் ஆயிரத்தில் ஒருவர்.

நீங்கள் பார்த்த ஷ்டுட்கார்ட் வடிவம் ஆகிம் ஃப்ரையருடையது. 1981இல் மேடையேறியது, டென்னிஸ் ரஸ்ஸல் டேவிஸ் இசையை நடத்த, லியோ கோக் காந்தியாகப் பாடுகிறார். உங்கள் கையில் இருக்கும் பதிவு பின்னர் தொலைக்காட்சிக்காக எடுத்தது. ஃப்ரையர் அடிப்படையில் ஓவியர், கிழக்கு பெர்லினில் நாடகாசிரியர் பிரெக்டிடம் மாணவராக இருந்தவர். அரங்கம், உடை, இயக்கம் மூன்றையும் தானே செய்கிறவர். அவருக்குத் தென்னாப்பிரிக்காவும் வேண்டாம், வருடங்களும் வேண்டாம். உருவங்கள், நிறங்கள், சின்னங்கள், ஒரு சடங்கு நடக்கும் இடம், அவ்வளவே. ‘காந்தி காந்தியாகவே தெரியவில்லை’ என்ற உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜெர்மன் ஓபரா அரங்குகளில் இயக்குநர் ஆசிரியருக்குச் சமமாக உட்காரும் மரபு உண்டு, அந்த மண்ணில் இதை யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கிளாஸின் அடுத்த ஓபரா ‘அக்னாட்டன்’ 1984இல் உலகிலேயே முதன்முறையாக மேடையேறியதும் இதே ஷ்டுட்கார்டில், இதே ஃப்ரையர் கையில்தான். 1988இல் ‘ஐன்ஸ்டைன்’ஐயும் வில்சனின் படங்கள் இல்லாமல் அவர் மேடையேற்றினார். பிடிக்காத இயக்குநரிடம் ஒரு இசையமைப்பாளர் தன் அடுத்த குழந்தையைக் கொடுப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். இது என் ஊகம்தான், சாட்சியம் அல்ல.

ஃப்ரையரின் மேடை, சுற்றிச் சுற்றி வரும் இசைக்குப் பொருத்தமானது என்பது என் கட்சி. ஓவியத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அது ‘முடிந்து’ போவதில்லை. ஆனால் ஒன்று கைநழுவுகிறது. சத்தியாக்கிரகம் என்பது ஆட்கள் செய்த காரியம். எரித்தார்கள், அச்சடித்தார்கள், நடந்தார்கள், சிறைக்குப் போனார்கள். சின்னமாக மாறிவிட்ட பிறகு அந்த வியர்வை காணாமல் போகிறது. எந்தச் சமயத்தின் சடங்காகவும் அது இருந்துவிட முடியும் என்று தோன்றத் தொடங்கும்போது எனக்குக் கொஞ்சம் சலிப்பு தட்டுகிறது.

அதனால்தான் மூன்றாவது வடிவத்தில் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். ஃபெலிம் மெக்டெர்மாட் இயக்கி, ஜூலியன் கிரவுச் அரங்கம் அமைத்தது. 2007 ஏப்ரலில் லண்டனில் ஆலன் ஓக் காந்தியாகப் பாடத் தொடங்கியது, 2008 ஏப்ரலில் ரிச்சர்ட் கிராஃப்டுடன் நியூயார்க் மெட்ரோபாலிட்டனுக்கு (சுருக்கமாக மெட்) போனது, 2011இல் அங்கே மறுபடி வந்தபோது உலகம் முழுக்கத் திரையரங்குகளில் ஒளிபரப்பானது. நீங்கள் பார்த்தது அந்த ஒளிபரப்பாகத்தான் இருக்க வேண்டும். பின்னர் லாஸ் ஏஞ்சலஸிலும் லண்டனிலும் இலங்கை வம்சாவளியில் வந்த ஷான் பணிக்கர் காந்தியாகப் பாடியிருக்கிறார். இதன் அரங்கம் வளைந்த தகரச் சுவர். அதற்குள் பயன்படுத்தும் பொருட்கள் என்ன என்று பாருங்கள்: செய்தித்தாள், கூடை, ஒட்டுநாடா, துணி மாட்டும் கொக்கி. பாடகர்களைத் தவிர, பொம்மலாட்டமும் வித்தைகளும் தெரிந்த ஒரு சிறு குழு மேடையில் எப்போதும் இருக்கிறது. குருக்ஷேத்திரத்துக்கு அவர்கள் நம் கண்முன்னே பெரிய உருவங்களைக் கட்டி எழுப்பிச் சண்டையிட வைக்கிறார்கள். அநியாயச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று இந்தியர்கள் சபதம் செய்யும் 1906 உறுதிமொழிக் காட்சியில் மேலேயிருந்து கொக்கிகள் இறங்குகின்றன, ஆட்கள் மேல்சட்டையைக் கழற்றி மாட்டுகிறார்கள், அவை மேலே போகின்றன. காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய பத்திரிகையான ‘இந்தியன் ஒப்பீனியன்’ பற்றிய காட்சியில் செய்தித்தாள் பட்டைகள் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுகின்றன, மேடையே அச்சு இயந்திரம் ஆகிறது. டர்பன் காட்சியில் வெள்ளையர்கள் மிகப் பெரிய பொம்மை உருவங்களாக வந்து நிற்கிறார்கள்.

இதன் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்றால், இசை திரும்பத் திரும்ப வரும் நேரத்தை மெக்டெர்மாட் ‘நடிப்பால்’ நிரப்பவில்லை, ‘வேலையால்’ நிரப்பினார். கூடை முடைகிறவருக்கும் அச்சுக் கோக்கிறவருக்கும் திரும்பச் செய்வது இயல்பு. ஒரு பட்டையை இழுத்து, ஒட்டி, மறுபடி இழுக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இசை ஏன் அதையே செய்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. அதோடு, எந்த உருவமும் மந்திரமாகத் தோன்றுவதில்லை. பத்துப் பேர் சேர்ந்து தூக்கினால்தான் நிற்கிறது, விட்டால் சரிந்து மறுபடி வெறும் காகிதமாகிவிடுகிறது. பலர் கூடினால் எளியவர்களின் பொருளிலிருந்தும் பெரிய ஒன்று எழும் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டார்கள். பாவுல் கான்ஸ்டபிளின் ஒளியமைப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தொழில்முறைப் பொறாமையோடு சொல்கிறேன், தகரத்தை இவ்வளவு வெவ்வேறு பொருளாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது. பள்ளமும் மேடுமான பரப்பில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் சிறைச்சுவர், நேராக நிரப்பினால் வெறும் வானம்.

ஆனால் இதிலும் எனக்குக் குறை உண்டு. வித்தை அழகாக இருக்கும்போது கண் வித்தையோடு போய்விடுகிறது. சில இடங்களில் காந்தி பாடிக்கொண்டிருப்பதையே மறந்து, அடுத்து அந்தக் காகிதம் என்னவாக மாறப்போகிறது என்று காத்திருந்தேன். முதல் தடவை பார்க்கும்போது அது ஆனந்தம், மூன்றாவது தடவை பார்க்கும்போது அது இசைக்குப் போட்டி. வில்லன்களைப் பொம்மைகளாக்கியதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காட்சியில் ஆண்கள் கோரஸ் சிரிப்பது போன்ற ஒலியைத் தாளக்கட்டோடு பாடுகிறது. அதைச் சாதாரண முகமுள்ள மனிதர்கள் பாடினால்தான் வயிற்றைக் கலக்கும். பெரிய தலை வைத்த பொம்மை பக்கத்தில் நின்றால் கார்ட்டூன் ஆகிவிடுகிறது. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

வேறு இரண்டு மேடையாக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 2016இல் ஸ்டாக்ஹோமின் ஃபோல்க்ஓப்பரானும் சிர்க்குஸ் சிர்க்கொர் என்ற சர்க்கஸ் குழுவும் சேர்ந்து, டில்டே பியோர்ஃபோர்ஸ் இயக்கத்தில் ஒன்று செய்தார்கள். கயிறு, தொங்கல், உடல் சமநிலை எல்லாம் ஓபராவுக்குள் வந்தன. 2017இல் நடன அமைப்பாளர் சிதி லார்பி செர்காவி பாஸலிலும் பெர்லினின் கோமிஷே ஓப்பரிலும் நடனக்காரர்களையும் கோரஸையும் கலந்து இதை மேடையேற்றினார். இரண்டும் உடலை நம்பிய வழிகள். வன்முறைக்குப் பதில் தன் உடலையே முன்னால் வைப்பது என்ற கருத்துக்கு, விழக்கூடிய உயரத்தில் நிற்கும் உடலைவிட நேரடியான படிமம் கிடைக்காது. இவற்றில் நான் பார்த்தது துண்டுத் துண்டான பதிவுகள்தான், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

சரி, அளவுகோல் எது என்று கேட்டால், என் பதில் ஒரே ஒரு இடம்: கடைசிப் பாட்டு. வேலைநிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர்களின் 1913 நியூகாசில் நடைப்பயணம் முடிந்து, ஆட்கள் கைதாகி, காந்தி தனியாக நிற்கிறார். கீதையின் 4ஆம் அத்தியாயம், எனக்குப் பல பிறவிகள் கடந்துவிட்டன என்று தொடங்கி, யுகந்தோறும் வருகிறேன் என்று முடியும் சுலோகங்கள். இசையில் அவர் செய்வது ஒரே ஒரு காரியம். எட்டு ஸ்வரங்கள் கீழிருந்து மேலே ஏறுகிறார். மறுபடி ஏறுகிறார். மொத்தம் முப்பது முறை. கர்நாடக இசை தெரிந்தவர்கள் பியானோவில் ‘ஈ’ என்ற ஸ்வரத்தில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திப் பாருங்கள், தோடியின் ஆரோகணம் வரும். ஆனால் தோடியைத் தோடியாக்கும் அசைவு ஒன்றுகூடக் கிடையாது, ஒவ்வொரு ஸ்வரமும் நட்ட கம்பாக நிற்கும். மேலே பாட்டு மாறாமலிருக்க, கீழே வாத்தியக் குழுவின் சுரக்கூட்டு (ஹார்மனி) மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஓர் இயக்குநர் இந்த நிமிடங்களில் என்ன செய்கிறார் என்று பார்த்தால் அவருக்கு இந்த இசைமேல் நம்பிக்கை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். முப்பது முறையும் ஏதாவது காட்டிக்கொண்டே இருந்தால் பயப்படுகிறார் என்று அர்த்தம். ஒன்றுமே செய்யாமல் விட்டால், பாடகர் தாங்குவாரா என்ற ஆபத்து இருக்கிறது. மெட் வடிவத்தில், அதுவரை கைகளும் காகிதமும் ஓயாமல் இயங்கிய மேடை இங்கே காலியாகிறது. பின்னால் உயர்ந்த பீடத்தில் கிங் நமக்கு முதுகைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தோடு சத்தமில்லாமல் பேசுகிறார். முன்னால் காந்தி. மற்றபடி வானம். இவ்வளவு பொருட்களைக் கையாண்ட இயக்குநர் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு ஒதுங்கியது, அந்த மேடையாக்கத்தின் ஆகச் சிறந்த முடிவு என்று நினைக்கிறேன். என் தொழிலில் இதற்குச் சமமான ஒன்று உண்டு. ஒளி மாற்றத்தைச் சில நொடிகளில் முடித்தால் பார்வையாளர் ‘மாறியது’ என்று காண்பார். அதையே பல நிமிடங்களுக்கு இழுத்தால் மாறுவதை யாரும் காண மாட்டார்கள், ஒரு கட்டத்தில் எல்லாம் மாறியிருப்பதை மட்டும் உணர்வார்கள். கிளாஸின் இசை இரண்டாவது வகை. முதல் வகை மாற்றங்களால் அதை மேடையேற்றினால் இசைக்கும் மேடைக்கும் எப்போதும் சண்டைதான்.

இங்கேதான் பதிவுகளைப் பற்றிய அந்தக் குறை வருகிறது. நீங்களும் நானும் பார்த்தது இரண்டு மேடைகளை மட்டுமல்ல, இரண்டு ஒளிப்பதிவாளர்களையும் சேர்த்துத்தான். மெட் ஒளிபரப்பில் கேமரா அடிக்கடி பாடகரின் முகத்துக்குப் போகும். பின்னால் ஐந்து நிமிடமாக மெல்ல எழுந்துகொண்டிருக்கும் உருவத்தை நாம் தவறவிடுவோம், பிறகு திடீரென்று அது முழுதாக நிற்பதைப் பார்த்துத் திடுக்கிடுவோம். அரங்கில் இருப்பவருக்கு அந்தத் திடுக்கிடல் கிடையாது. எண்பதுகளின் தொலைக்காட்சிப் படமோ, மங்கலான ஒளியில் எடுத்தால் நிறம் செத்துவிடும் காலத்தது, ஃப்ரையர் போன்ற ஓவியருக்கு அது பெரிய நஷ்டம். ஆகவே ‘ஷ்டுட்கார்ட் இருட்டாக, மந்தமாக இருக்கிறது’ என்ற உங்கள் குறையில் எவ்வளவு இயக்குநருடையது, எவ்வளவு கேமராவுடையது என்று பிரிக்க முடியாது. அதை மட்டும் தீர்ப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எதைத் தப்பு என்று சொல்லலாம் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இசைப்பிரதியில் கைவைக்க இயக்குநருக்கு உரிமை இல்லை. பாட்டின் வரிசை, அளவு, திரும்பல்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதியபடியே இருக்க வேண்டும். மேடை அவர் கையில். அந்த மேடைக்குள் நான் தப்பு என்று சொல்வது, இசை தரும் நேரத்தைத் தாங்க முடியாமல் தவிக்கும் மேடையை. காந்தி வேட்டி கட்டவில்லை என்பது தப்பல்ல. தென்னாப்பிரிக்கா தெரியவில்லை என்பதும் தப்பல்ல. முரசே இல்லாத இசைக்கு மேல், முரசு அடிப்பதுபோல் ஆட்களை ஓடவிடுவது தப்பு.

இதற்கு மேல் ஒன்று, முழுக்க என் சொந்த ஆதங்கம். 1913 நவம்பரில் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்த அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் தமிழ் பேசும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். ‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903இல் தொடங்கியபோது அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. ஓபராவில் திருமதி நாயுடு என்று ஒரு பாத்திரமும் உண்டு, தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் குடும்பத்தை நினைவூட்டும் பெயர். ஆனால் பிரதி அவருக்கென்று ஒரு தனி முகத்தைக் கொடுக்கவில்லை, நான் பார்த்த எந்த மேடையும் கொடுக்கவில்லை. பாடற்பிரதி மேடையிடம் இவ்வளவு வெற்றிடத்தை விட்டுவைத்திருக்கும்போது, யாராவது ஓர் இயக்குநர் அந்தக் கடைசி நடைப்பயணத்தில் நடந்தவர்கள் யார் என்று கேட்டு மேடையைக் கட்டலாம். இசையில் ஒரு ஸ்வரத்தையும் மாற்றாமல் செய்யக்கூடிய காரியம் அது.

இயக்குநரே இல்லாத ஒரு மேடையாக்கமும் நடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 1 இரவு, மெட்டில் அந்தப் பருவத்தின் கடைசிக் காட்சி முடிந்து மக்கள் வெளியே வந்தபோது, லிங்கன் சென்டர் வளாகத்தின் முன்னால் பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த ‘ஆக்குபை’ இயக்கத்தார் கூடியிருந்தார்கள். காவல்துறைத் தடுப்புகளின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாததால் ஒருவர் சொல்வதைக் கூட்டம் மொத்தமும் வரிவரியாகத் திருப்பிச் சொல்வது அவர்கள் வழக்கம். கிளாஸ் அங்கே வந்து ஓபராவின் கடைசி வரிகளை, அந்த யுகந்தோறும் வருகிறேன் என்ற வரிகளை, ஆங்கிலத்தில் வாசித்தார். கூட்டம் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னது. அதன் பதிவு இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டதால் இப்போது கொஞ்சம் பின்னால் போங்கள். கிறிஸ்டோபர் கீன் நடத்த, டக்ளஸ் பெர்ரி பாடிய நியூயார்க் சிட்டி ஓபராவின் ஒலிப்பதிவை எடுத்து, மூன்றாம் அங்கத்தை மட்டும் படமில்லாமல் கேளுங்கள். உங்கள் மனத்தில் ஒரு மேடை தானாக எழும். அதன்பிறகு மெட் பதிவின் கடைசி அங்கம், அதன்பிறகு ஷ்டுட்கார்டின் கடைசி அங்கம். அந்த ஏறும் ஸ்வரங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே பாருங்கள். எந்தப் பதிவில், எத்தனையாவது முறையில் எண்ணுவதை மறந்தீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு மெட்டில் பதினொன்று. ஷ்டுட்கார்டில் முப்பதும் எண்ணி முடித்தேன்.